கிளிக் ஆகாத மமியா ஆர்பி67: செகண்ட்ஹேண்டில் வாங்கலாமா?

"கிளிக் ஆகாது" என்று சொல்லி யாராவது மமியா ஆர்பி67 என்ற பழைய ஜப்பான் ஃபிலிம் கேமராவைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அந்த ஒரு வார்த்தைக்காக வேண்டாம் என்று திரும்பிவிடாதீர்கள். கையில் வாங்கி, கால் மணி நேரம் நிதானமாகப் பாருங்கள். இந்தக் கேமராவில் பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது. கிளிக் ஆகவில்லை என்றால் உள்ளே எங்கோ ஒரு நெம்புகோல் இன்னொரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதில் பாதிக்கு மேல் கோளாறே இல்லை. படம் வீணாகக் கூடாது என்று மமியாக்காரர்கள் வேண்டுமென்றே வைத்த தடைகள் அவை.

என்னுடையது தஞ்சாவூரில் மூடிவிட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. ப்ரோ-எஸ் பாடி, 127 எம்எம் லென்ஸ், 120 ரோல் போடுகிற ஃபிலிம் பேக் ஒன்று, மேலே குனிந்து பார்க்கிற வியூஃபைண்டர். ஸ்டூடியோ வைத்திருந்தவர் காலமாகிவிட்டார். அவருடைய மகள்தான் பீரோவிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"அப்பா இருந்தவரைக்கும் யாரையும் தொட விடமாட்டார் அண்ணா. அவருக்கு அப்புறம் ரெண்டு பேர் வந்து பார்த்தாங்க. ஷட்டர் அடிக்கல, பார்ட்ஸும் கிடைக்காதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

ஓடுகிற ஆர்பி67க்கு வெளியில் என்ன விலையோ அதில் பாதிக்கும் கீழேதான் அவர் கேட்டார். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓரத்தில்கூட ஃபங்கஸ் (பூஞ்சை) இல்லை. டெல்டாப் பக்கத்து ஈரத்தில் இத்தனை வருஷம் பீரோவில் கிடந்த லென்ஸுக்கு இது பெரிய விஷயம். அந்த வீட்டில் யாரோ சிலிக்கா ஜெல் பொட்டலங்களை விடாமல் மாற்றி வந்திருக்கிறார்கள். லென்ஸின் நிலையை நம்பித்தான் பணம் கொடுத்தேன். பாடி எப்படியும் சரியாகும் என்று தெரியும்.

இந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் ஆர்பி67 வந்தது 1970ல். ப்ரோ-எஸ் 1974ல், ப்ரோ-எஸ்டி 1990ல். 6க்கு 7 சென்டிமீட்டர் நெகட்டிவ், ஒரு 120 ரோலில் பத்துப் படம். பின்னால் இருக்கிற ஃபிலிம் பேக் அப்படியே தொண்ணூறு டிகிரி சுழலும். கேமராவைச் சாய்க்காமலே நெட்டைப் படமும் எடுக்கலாம், படுக்கைப் படமும் எடுக்கலாம். மேலே குனிந்து பார்க்கிற கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் எதையும் பார்க்க முடியாது. அதனால்தான் இந்த ஏற்பாடு. ஃபோகஸ் பெல்லோஸில், அதாவது லென்ஸுக்குப் பின்னால் துருத்தி போல் நீளுகிற மடிப்பில், நடக்கிறது. லென்ஸோடு சேர்த்து இரண்டரை கிலோவைத் தாண்டும் எடை. முக்காலியில் நிற்கப் பிறந்த சாமான்.

ஷட்டர் பாடியில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. நாம் பார்க்கும்போது அது திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் முதலில் ஷட்டர் மூடும், வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பிவிடுகிற மிரர் மேலே போகும், அப்புறம் ஷட்டர் திறந்து மூடும். அதற்குப் பிறகு மிரர் தானாக இறங்காது, நாம் லிவரைத் தள்ளும் வரை வியூஃபைண்டர் இருட்டாகவே இருக்கும். இன்றைய கேமரா பழகியவர்கள் இந்த இருட்டைப் பார்த்ததுமே "போச்சு" என்று நினைத்துவிடுகிறார்கள். போகவில்லை. வலது பக்கத்துப் பெரிய லிவரை முழுசாகக் கீழே தள்ளுங்கள், வெளிச்சம் வந்துவிடும். முழுசாக என்று சொல்வதைக் கவனியுங்கள். முக்கால்வாசி தள்ளிவிட்டு விட்டுவிட்டால் மிரர் இறங்கினாற்போல் தெரியும், ஷட்டர் சார்ஜ் ஆகியிருக்காது, அதாவது அடுத்த அடிக்கு அதன் ஸ்பிரிங் முறுக்கேறியிருக்காது.

என் கேமராவில் லிவர் நன்றாகவே போனது. மிரர் இறங்கியது, வியூஃபைண்டரில் ஜன்னல் தெரிந்தது. பொத்தான் மட்டும் அமுங்கவில்லை. இந்த "அமுங்கவில்லை" முக்கியமான தடயம். பொத்தான் அமுங்கியும் படம் விழவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு. பொத்தானே அமுங்கவில்லை என்றால் ஏதோ ஒரு தடை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அழுத்திப் பார்க்கக் கூடாது. வலுவாக அழுத்தினால் உள்ளே இருக்கிற மெல்லிய இணைப்புத் தகடு வளைந்துவிடும், அப்போதுதான் உண்மையான கோளாறு ஆரம்பிக்கும்.

முதலில் பொத்தானைச் சுற்றி இருக்கிற வளையத்தைப் பார்த்தேன். அதைத் திருப்பினால் பொத்தான் பூட்டிக்கொள்ளும். பையில் வைக்கும்போது தெரியாமல் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. பூட்டியிருக்கவில்லை. அடுத்து டார்க் ஸ்லைடு, ஃபிலிமில் வெளிச்சம் படாமல் பேக்கில் செருகுகிற தகடு. அது உள்ளே இருந்தால் ப்ரோ-எஸ்ஸில் ஷட்டர் அடிக்காது. வெளியே இழுத்தேன், மாற்றமில்லை. ரோல் சுற்றாமல் இரண்டாவது படம் எடுக்கவும் ப்ரோ-எஸ் விடாது, ஒரே ஃப்ரேமில் இரண்டு படம் விழுந்துவிடக் கூடாதே. இரண்டு படம் விழாமல் தடுக்கிற இந்தப் பாதுகாப்பு 1970 மாடலில் இல்லை, நான்கு வருஷம் கழித்துத்தான் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்த மாடல் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விற்பவரிடம் ரோல் இருக்காது. காலி பேக்கை மாட்டிப் பொத்தானை அழுத்துவார்கள், அமுங்காது, "கேமரா ஜாம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேமராவைப் பொறுத்தவரை இன்னும் படம் சுற்றப்படவில்லை, அதனால் அது சொன்னபடிதான் நடக்கிறது. ஒரே ஃப்ரேமில் வேண்டுமென்றே பல படம் எடுப்பதற்கு என்று ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளிவிட்டால் ரோல் சுற்றியதா இல்லையா என்று கேமரா கேட்காது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டுப் போனவர்கள் இதைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்லை, அதன் மேல் படிந்திருந்த தூசி கலையாமல் இருந்தது.

அதைத் தள்ளினேன். பொத்தான் அப்போதும் அமுங்கவில்லை.

சரி, அப்படியானால் பேக் சுழலும் இடம். பேக் முழுசாக நெட்டையாகவோ முழுசாகப் படுக்கையாகவோ உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் கேமரா படம் எடுக்க விடாது. பார்வைக்கு என் பேக் நேராகத்தான் இருந்தது. விரல் நகத்தை இடுக்கில் ஓட்டினால், ஒரு பக்கம் மட்டும் மயிரிழை அளவு இடைவெளி. பேக்கைப் பிடித்துச் சுழற்றினேன், மெல்ல நகர்ந்தது, ஆனால் "டக்" என்று உட்காருகிற சத்தம் வரவில்லை. பேக்கைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வெளிச்சம் நுழையாமல் இருப்பதற்காக ஓரங்களில் ஒட்டியிருந்த நுரைப் பட்டை உருகிக் கறுப்புத் தாராகியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டி, நூலாக இழுத்தது. அந்தப் பிசின் போய்ச் சேர்ந்த இடத்தில் பேக் கடைசி ஒரு மில்லிமீட்டர் சுழல முடியாமல் நின்றிருந்தது.

அந்தக் காலத்து ஜப்பான் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் இந்த நுரை இப்படித்தான் போகும். பயன்படுத்தினாலும் போகும், பெட்டியிலேயே வைத்திருந்தாலும் போகும். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை நனைத்து, பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தேன். பல் குத்தும் மரக்குச்சியின் முனையால் மூலைகளைச் சுரண்டினேன். உலோகக் கருவி வேண்டாம், உள்ளே இருக்கிற கறுப்புப் பெயின்ட் போனால் வெளிச்சம் எதிரொளிக்கும். ஆல்கஹாலைச் சொட்டவிடவும் கூடாது, பிசினைக் கரைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும். மேலே மிரர் வந்து முட்டுகிற இடத்திலும் இதே நுரை இருக்கிறது, அதையும் பாருங்கள். அது உருகினால் மிரர் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். கையோடு அதையும் எடுத்துவிட்டுப் புது நுரைப் பட்டை ஒட்டினேன். இந்த வேலையைப் பொறுமை உள்ள யாரும் வீட்டிலேயே செய்யலாம். இதற்குப் பணம் கொடுத்து யாரையும் தேட வேண்டியதில்லை.

பேக் "டக்" என்று உட்கார்ந்தது. பொத்தான் அமுங்கியது. தொம் என்று மிரர் எழுந்தது.

ஆனால் அந்த ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. நல்ல ஆர்பி67ல் ஒரு நொடி வேகத்தில் வைத்து அடித்தால் மிரரின் தொம்முக்குப் பிறகு சக்கரங்கள் சுற்றுகிற "சர்ர்ர்" கேட்கும், கடைசியில் ஷட்டர் மூடுகிற சின்ன "டிக்". பேக்கை எடுத்துவிட்டுப் பின்னாலிருந்து ஜன்னல் பக்கம் பார்த்தால் ஷட்டர் இதழ்கள் திறந்து மூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என்னுடையதில் இதழ்கள் மூடியபடியே இருந்தன.

இதற்குக் காரணம் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கே கேபிள் ரிலீஸ், அதாவது கேமராவைத் தொடாமல் ஷட்டரை அடிக்க உதவும் கம்பி, மாட்டுவதற்கு ஒரு துளை, அதைச் சுற்றித் திருப்பக்கூடிய ஒரு சின்னக் குமிழ். சாதாரண நிலையில் வைத்தால் பாடியின் பொத்தானே எல்லாவற்றையும் செய்யும். மிரரை முன்கூட்டியே தூக்கும் நிலையில் வைத்தால் பாடியின் பொத்தான் மிரரை மட்டும் தூக்கும். ஷட்டரை அடிக்க லென்ஸில் மாட்டிய கேபிள் ரிலீஸை அழுத்த வேண்டும். அவ்வளவு பெரிய மிரர் எழும்போது கேமரா அதிரும். மெதுவான வேகத்தில் அந்த அதிர்வு படத்தில் விழாமல் இருக்க இது அருமையான வசதி. ஸ்டூடியோக்காரர் கடைசியாக இதில்தான் வைத்திருக்கிறார், முக்காலியில் கேபிளோடு வேலை செய்திருப்பார் போல. அவருடைய வேலையின் சுத்தம் அதிலேயே தெரிந்தது. குமிழைத் திருப்பினேன், ஷட்டர் அடித்தது.

ஷட்டர் திறந்தபடியே நின்றுவிட்டதாகச் சிலர் விற்பார்கள். வேக வளையம் "டி" எழுத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்பி லென்ஸ்களில் "பி" கிடையாது, "டி" மட்டும்தான். அதில் அடித்தால் ஷட்டர் திறந்து, திறந்தபடியே இருக்கும். மூட வேண்டுமென்றால் வேக வளையத்தை ஒரு நொடிப் பக்கம் திருப்ப வேண்டும். பொத்தானை மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தால் மூடாது.

லென்ஸைக் கழற்றும்போதும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாடி சார்ஜ் ஆகி மிரர் கீழே இருந்தால்தான் லென்ஸ் கழலும். கழற்றிய லென்ஸின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகள் உண்டு. பாடி அவற்றைத் திருப்பித்தான் ஷட்டரைச் சார்ஜ் செய்கிறது. தனியாக வாங்கிய லென்ஸ் பாடியில் உட்கார மறுத்தால், அந்த லென்ஸ் சார்ஜ் ஆகாமல் இருக்கும். இரண்டு முனைகளையும் விரல்களால் சேர்த்துப் பிடித்துத் திருப்பிச் சார்ஜ் செய்துவிட்டு மாட்டினால் சுலபமாகப் பொருந்தும். பொருந்தாததைத் திருகி மாட்டப் போனால் இரண்டும் கெடும்.

இதுவரை சொன்ன எதுவும் கோளாறு இல்லை. உண்மையான கோளாறு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேகமான எண்களில், அதாவது 1/400 முதல் 1/60 வரை, ஷட்டர் ஒழுங்காக அடித்தது. 1/8க்குக் கீழே வந்ததும் தடுமாறியது. ஒரு நொடியில் வைத்தால் "சர்ர்" என்று தொடங்கி நடுவிலேயே மூச்சு முட்டினாற்போல் நின்று, எப்போதோ மூடியது. மெதுவான வேகங்களுக்கு என்று ஷட்டருக்குள் தனியாக ஒரு பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. அதில் போட்ட எண்ணெய் பல வருஷத்தில் காய்ந்து பசையாகிவிடும். ஓட்டாமல் வைத்திருந்த எந்த லென்ஸ் ஷட்டரிலும் முதலில் போவது இதுதான். விற்பவர் 1/125ல் மட்டும் அடித்துக் காட்டினால் திருப்திப்படாதீர்கள், ஒரு நொடியில் அடிக்கச் சொல்லுங்கள்.

இதை நான் கையால் தொடவில்லை. மேலே எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நம்பி பலர் விடுகிறார்கள். அந்த எண்ணெய் ஷட்டர் இதழ்களுக்குப் பரவி, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேகமான எண்களும் அதோடு போய்விடும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. சென்னையில் பழைய ஷட்டர்களைப் பிரித்து வேலை செய்கிற வயதான மெக்கானிக் ஒருவரிடம் லென்ஸை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதும் காதருகே வைத்து ஒரு தடவை கேட்டார்.

"சக்கரம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பல்லு தேயல. அழுக்குதான். கழுவிட்டு, தேவையான இடத்துல மட்டும் ஒரு பொட்டு எண்ணெய் வைக்கணும். அவசரப்படுத்தாம இருந்தா செஞ்சு தர்றேன்."

அவசரப்படுத்தவில்லை. லென்ஸ் திரும்பி வந்தபோது ஒரு நொடி, ஒரு நொடியாக இருந்தது. அவர் வாங்கிய கூலி நியாயமானது. இப்படிப்பட்ட கைகள் இன்னும் சிலதான் மிச்சம், அவர்களிடம் பேரம் பேசாதீர்கள்.

பார்ட்ஸ் கிடைக்காது என்று சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆர்பி67 உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் ஓடிய கேமரா, பாடி, பேக், லென்ஸ் எல்லாம் தனித்தனியாகக் கழலும். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் பழையதாகத் தேடி வாங்கி மாற்றிவிடலாம். இதன் தம்பியான ஆர்இசட்67 1982ல் வந்தது. எடுக்க இன்னும் வசதி, ஆனால் ஷட்டர் எலக்ட்ரானிக். 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் 1/400 ஒன்றுதான் மிஞ்சும், உள்ளே சர்க்யூட் போனால் நம் ஊர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. செகண்ட்ஹேண்டில், அதுவும் ஓடவில்லை என்று சொல்லி விற்பதில், நான் ஆர்பியைத்தான் எடுப்பேன்.

இனி படம். பெல்லோஸில் ஓட்டை இருக்கிறதா என்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பு மூலைகளில் ஒரு புள்ளி வெளிச்சம்கூட வரவில்லை. இல்ஃபோர்டு எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ஒரு ரோல் போட்டு, கும்பகோணத்தில் எங்கள் தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிற பெரியவரை எடுத்தேன். 127 எம்எம், முகத்துக்கு நெருக்கமாக. நெருங்கி எடுக்கும்போது பெல்லோஸ் நீளும், அதனால் வெளிச்சம் குறையும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்குக் கேமராவின் பக்கவாட்டிலேயே அளவுக் கோடுகள் வரைந்திருக்கிறார்கள், தனியாகக் கணக்குப் போட வேண்டாம். ஃபிலிமைக் கழுவி லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால், அவர் கடுக்கனின் கல்லில் எதிர் வீட்டு ஜன்னல் தெரிந்தது. கன்னத்தில் நிழல் விழுகிற இடத்தில் தோல் எப்படி மெல்ல மெல்லக் கறுத்துப் போகிறதோ, அந்த இறக்கம் முழுசும் நெகட்டிவில் இருந்தது. நம் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்த காலத்தில் ஏன் பெரிய நெகட்டிவையே விரும்பினார்கள் என்று இதைப் பார்த்தால் புரியும்.

மண்டபத்தில் ஓடி ஓடிக் கல்யாணம் எடுப்பவர்களுக்கு இது வேண்டாம். ஒரு படத்துக்கு லிவர் ஒன்று, ரோல் சுற்ற இன்னொன்று, இரண்டையும் தள்ளுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். ஃபிலிம் விலையையும் யோசியுங்கள், ரோலுக்குப் பத்தே படம். ஒரு மனிதரை உட்காரவைத்து, பேசிக்கொண்டே, வெளிச்சம் பார்த்து ஒரு முகம் எடுக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல சாமான் இந்த விலையில் கிடையாது.

வாங்கப் போகும்போது பையில் ஒரு கேபிள் ரிலீஸ், ஒரு சின்ன டார்ச், முடிந்தால் காலாவதியான 120 ரோல் ஒன்று எடுத்துப் போங்கள். ரோல் போட்டுச் சுற்றி அடித்துப் பார்த்தால் விற்பவருக்கும் சந்தேகம் தீரும். லென்ஸில் ஃபங்கஸ் இருந்தாலோ, லிவர் நடுவழியில் கல் போல் நின்றாலோ வாங்க வேண்டாம். மற்றபடி கிளிக் ஆகவில்லை என்பதற்காக மட்டும் விட்டுவிட வேண்டியதில்லை. நான் இப்போது இதே பாடிக்கு 180 எம்எம் லென்ஸ் தேடிக்கொண்டிருக்கிறேன். ஷட்டர் அடிக்காததாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி சுத்தமாக இருந்தால் போதும்.